பெட்ரோல் இறங்கும் வழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பைக்கின் பெட்ரோல் கோளாறுகளைப் பற்றியவை. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "மெக்கானிக் ட்யூனிங் செய்து பார்த்துவிட்டார், சரியாகவில்லை." நம் ஊரில் ட்யூனிங் என்று சொல்வது பெரும்பாலும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களை முன்னும் பின்னும் திருப்பிச் சத்தம் கேட்பதைத்தான். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டியில் அந்த ஸ்க்ரூக்கள் தாமாக நகர்வது அரிது. குப்பை, தண்ணீர், காற்று ஆகிய மூன்றில் ஒன்று, இருக்கக் கூடாத இடத்தில் புகுந்திருப்பதே வழக்கம். எனவே டேங்க் மூடியில் தொடங்கி, பெட்ரோல் இறங்கும் வழியிலேயே நாமும் இறங்கி வருவோம்.

திண்டுக்கல் வாசகர்: என் 100 சிசி வண்டிக்குப் பதின்மூன்று வயதாகிறது. காலையில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிறது. ஆறேழு கிலோமீட்டர் போனதும் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தி வைத்தால் மறுபடியும் ஓடுகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியாயிற்று, பிளக்கும் புதிது. இனி என்ன செய்வது?

உங்கள் கடிதத்தில் விடை பாதி இருக்கிறது. ஓடும்போது நிற்கிறது, நிறுத்தி வைத்தால் தானாகவே சரியாகிறது என்றால், பெட்ரோல் வரவே இல்லை என்று பொருளல்ல. வண்டி குடிக்கிற வேகத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். உங்களுடையது போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் பம்ப் கிடையாது. டேங்க் மேலே இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது, பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. அப்படி இறங்க வேண்டுமானால், இறங்கிய அளவுக்குக் காற்று மேலிருந்து டேங்குக்குள் வந்தாக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. அந்தத் துளை தூசியாலும் துருவாலும் அடைபட்டால், டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, இறங்க வேண்டிய பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் விக்கி விக்கி விழுவதையும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஒழுகுவதையும் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இது.

அடுத்த முறை வண்டி நின்றதும் பத்து நிமிடம் காத்திருக்காமல் உடனே டேங்க் மூடியைத் திறந்து, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அரை நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி மூடிதான். மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றால் துளையை ஊதிவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டேங்கின் மேல் ரெக்சின் உறை போட்டிருக்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள். மூடியையும் சேர்த்து இறுக்கிப் போர்த்தும் உறை, அடைப்பே இல்லாத மூடியையும் அடைத்துவிடும்.

சத்தம் எதுவும் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வண்டி நின்ற அந்த நிமிடத்தில் பிளக் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, நெருப்புத்தான் வரவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சூடேறியதும் செயலிழக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும், கார்புரேட்டரை மூன்றாவது முறையும் கழுவிப் பயனில்லை. முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் பக்கமே தேடலாம்.

அந்தத் தேடலுக்கு ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். இஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடி ஸ்க்ரூ இருக்கும். பெட்ரோல் டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வடி குழாயைப் பாட்டிலில் விட்டு, ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். கிண்ணத்தில் ஏற்கெனவே இருந்த சில கரண்டி பெட்ரோல் முதலில் வேகமாக விழும்; அதை நம்பி ஏமாறக் கூடாது. அதன் பிறகும் ஒழுக்கு அறுபடாமல் தொடர்ந்து ஓடினால் வழி சுத்தமாக இருக்கிறது. மெலிந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ஒழுக்கு பெருத்தால் மூடித் துளை, பெருக்காவிட்டால் தடை இன்னும் கீழே. அடுத்து, கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயை உருவி அதே பாட்டிலில் விடுங்கள். குழாயில் நன்றாக வந்து கிண்ணத்தில் மட்டும் வரவில்லை என்றால், கிண்ணத்தின் மிதவையோடு சேர்ந்து ஏறி இறங்கி, பெட்ரோல் வழியை அடைத்துத் திறக்கும் ஊசி வால்வு சிக்கியிருக்கிறது. குழாயிலேயே வரவில்லை என்றால், டேப்பின் மேல் டேங்குக்குள் நிற்கும் சல்லடை அடைபட்டிருக்கிறது. இந்த வரிசையில் போனால் எந்த இடத்தையும் ஊகித்துக் கழற்ற வேண்டியதில்லை.

பழைய டேங்குகளில் சல்லடை அடைபடக் காரணம் துரு. டேப் 'ரிசர்வ்' நிலையில் இருந்தால் பெட்ரோல் டேங்கின் அடிமட்டத்திலிருந்து எடுக்கப்படுகிறது. 'ஆன்' நிலையில் சற்று உயரமான குழாய் வழியாக எடுக்கப்படுகிறது. ஆகவே, ரிசர்வுக்குத் திருப்பிய மறுநாளிலிருந்து வண்டி முரண்டு பிடிக்கத் தொடங்கினால், அடியில் படிந்திருந்த குப்பை இறங்கிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

கும்பகோணம் வாசகர்: ஐப்பசி மழையில் பத்து நாள் வண்டி வெளியில் நின்றது. அதன் பிறகு சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது. ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, சிக்னலில் ஆஃப் ஆகிவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். சோக் என்பது காற்றைக் குறைத்தோ பெட்ரோலைக் கூட்டியோ கலவையைக் கெட்டியாக்கும் ஏற்பாடு. அது போட்டால் மட்டுமே உயிரோடு இருக்கும் வண்டிக்குப் பெட்ரோல் குறைவாகக் கிடைக்கிறது அல்லது காற்று மிகுதியாகப் போகிறது. பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைப் பாகத்துக்கு ஜெட் என்று பெயர். ரேஸ் கொடுத்தால் ஓடுவதால், வேகத்துக்கான மெயின் ஜெட்டில் குறையில்லை. ஐட்லிங்கில், அதாவது ரேஸ் கொடுக்காமல் இஞ்சின் ஓடும்போது, முக்கியமாக வேலை செய்யும் ஸ்லோ ஜெட் வழிதான் தடைபட்டிருக்கிறது. அதன் துளை சுமார் 0.4 மில்லிமீட்டர்தான் இருக்கும். தண்ணீர்த் துளி ஒன்றோ, வெயிலில் காய்ந்து பிசினாகிய பெட்ரோலோ அதை அடைக்கப் போதும்.

முதலில் தண்ணீரைத் தேடுங்கள். முந்தைய பதிலில் சொன்னபடி கிண்ணத்தின் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து, ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், பாட்டிலின் மூலையில் நிறமற்ற ஒரு குமிழ் உருண்டு நிற்கும். பாட்டிலைச் சாய்த்தால் அது பாதரசம் போல் ஒரு பக்கமாக நழுவும். பார்த்தால் அதை வேறு எதுவாகவும் தவறாக நினைக்க முடியாது. அது தெரிந்துவிட்டால் கார்புரேட்டரை மட்டும் கழுவிப் பயனில்லை. டேங்கையும் முழுக்க வடித்தாக வேண்டும். மழைத் தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று என்பதற்கும் விடை மூடியருகிலேயே கிடைக்கும். மூடியைச் சுற்றிய பள்ளத்தில் தேங்கும் நீரைக் கீழே கொண்டுபோக ஒரு வடிகால் துளையும் குழாயும் பல வண்டிகளில் உண்டு. அது அடைபட்டால் பள்ளம் குளமாகி, தேய்ந்த ரப்பர் வளையம் வழியே நீர் உள்ளே கசியும்.

ஸ்லோ ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலை பழகிய முதல் ஆண்டில், அடைபட்ட ஜெட் ஒன்றை, அறுந்த கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்த ஒற்றைக் கம்பியால் குத்தித் திறந்தேன். அடைப்பு போயிற்று, வண்டியும் ஆஃப் ஆகாமல் உடனே ஐட்லிங் ஆயிற்று, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரத்தில் வண்டிக்காரர் திரும்பி வந்தார்: மைலேஜ் குறைந்துவிட்டது, பிளக் அடுப்புக்கரியாக இருக்கிறது. பித்தளை மென்மையான உலோகம். எஃகுக் கம்பி துளையை ஒரு மயிரிழை அகலமாக்கினாலும், அந்த ஜெட் இனி வேறு அளவு ஜெட்தான். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் மட்டுமே பயன்படுத்துங்கள். போகாத அடைப்பானால் புதிய ஜெட் வாங்குவது மலிவு. ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை வெளியே எடுக்கும் முன், அதை உள்ளே மெதுவாக முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது அதே எண்ணிக்கை. அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பக் கலவை கெட்டியாகும். இஞ்சின் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பக் கலவை நீர்த்துப்போகும். இது தெரியாமல் திருப்புவதால்தான் 'ட்யூனிங்' என்ற சொல்லுக்கே கெட்ட பெயர்.

ஜெட் சுத்தமாக இருந்தும் குறை தொடர்ந்தால், கார்புரேட்டரையும் இஞ்சினையும் இணைக்கும் ரப்பர் துண்டில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வண்டியை ஓடவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலால் அந்த இணைப்பின் மீது தண்ணீரை மட்டும் தெளியுங்கள். இஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. இதற்குச் சிலர் கிளீனர் ஸ்ப்ரேயையே அடிக்கிறார்கள். சூடான சைலன்சருக்கு மேலே அந்த வேலை வேண்டாம்.

கோயம்புத்தூர் வாசகர்: 2012-ல் வாங்கிய வண்டி. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தந்துகொண்டிருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு 45-க்கு இறங்கிவிட்டது. ரப்பர் பாகங்களும் கெட்டுப்போகும் என்கிறார்கள். பழைய வண்டிக்காரர்கள் என்ன செய்ய வேண்டும்?

எத்தனாலுக்கு அதன் பங்கைக் கொடுப்போம், அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை முதலில் 2030-க்கு வைத்திருந்த மத்திய அரசு, பின்னர் அதை 2025-26-க்கு முன்தள்ளியது. அந்த 20 சதவீதக் கலவையான இ20 பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்ப ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் லிட்டருக்கு 6 அல்லது 7 சதவீத ஆற்றல் குறைகிறது. உங்கள் கணக்கில் 60 என்பது 56 ஆகலாம். மீதி 11 கிலோமீட்டரை எத்தனாலின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஏர் ஃபில்டர் அடைப்பு, முழுவதும் ஆஃப் ஆகாத சோக், உரசிக்கொண்டே ஓடும் பிரேக், காற்று குறைந்த டயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மைலேஜை மீட்டர் முள்ளை வைத்துக் கணக்கிடாமல், ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, 200 கிலோமீட்டராவது ஓட்டி, மீண்டும் அதே அளவுக்கு நிரப்பப் பிடித்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள்.

எரிவதற்கு எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால், அதே ஜெட் வழியே இ20 வரும்போது கலவை சற்று நீர்த்ததாகிறது. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாடு கொண்ட எஃப்.ஐ. (ஃப்யூயல் இஞ்செக்ஷன்) வண்டியில், ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இ.சி.யு. என்ற மின்னணு மூளை இதைச் சரிக்கட்டிக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடித்து, பிளக் முனையும் வெளுத்திருந்தால் மட்டும், ஒரு அளவு பெரிய ஜெட் போடலாமா என்று அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் எதையும் தொட வேண்டாம்.

ரப்பரைப் பற்றிய அச்சத்தில் உண்மை இருக்கிறது. பழைய ரகக் குழாய்களும் வளையங்களும் எத்தனாலில் ஊதிப் பின் விரிசல் விடக்கூடும். பெட்ரோல் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். அடிக்கிண்ணத்தின் கேஸ்கட்டையும், முனையில் ரப்பர் வைத்த ஊசி வால்வையும் அடுத்த சர்வீஸில் சேர்த்து மாற்றிவிடலாம். இன்னொன்று: எத்தனால் தண்ணீரைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைந்து பெட்ரோலோடு எரிந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். கும்பகோணம் வாசகரின் பாட்டிலில் தண்ணீர் போன அளவைவிட அடியடுக்கு அதிகமாகத் தெரிந்தால் காரணம் இதுவே.

நாகர்கோவில் வாசகர்: 2021-ல் வாங்கிய எஃப்.ஐ. வண்டி. சில நாட்களாகக் காலையில் பலமுறை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. கார்புரேட்டர் சர்வீஸ் என்று பில் போட்டிருக்கிறார்கள். என் வண்டியில் கார்புரேட்டர் இருக்கிறதா?

இல்லை. உங்கள் வண்டி 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்ட எஃப்.ஐ. வண்டி. அதில் இருப்பது, காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடியும் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டரும். பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எதைக் கழற்றினார்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சத்தமில்லாத இடத்தில் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் கேளுங்கள். டேங்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று விநாடி 'ம்ம்' என்று பம்ப் ஓடி அடங்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ், வயர் இணைப்பு, பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சத்தம் சோர்ந்து வந்தால் பேட்டரியைச் சோதியுங்கள். கார்புரேட்டர் வண்டியில் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்துப் போய்விடலாம். பம்ப், இஞ்செக்டர், இ.சி.யு. மூன்றும் மின்சாரத்தை நம்பியிருக்கும் வண்டியில் அது கடினம். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் சார்ஜ் போட்டுப் பாருங்கள். மீட்டரில் உள்ள இஞ்சின் விளக்கு, வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் அணையாமல் எரிந்தால் சென்சார் கோளாறு பதிவாகியிருக்கிறது. அதைக் கருவி வைத்துப் படிக்காமல் பாகம் மாற்ற விடாதீர்கள்.

பெட்ரோல் தீரும்வரை ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெட்ரோல்தான். பம்பிலிருந்து வரும் குழாயை வீட்டில் உருவிப் பார்க்கவும் வேண்டாம். அதில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், உருவினால் முகத்தில் பீய்ச்சும்.

மதுரை வாசகர்: அதிகாலையில் பெட்ரோல் போட்டால் குளிர்ச்சியால் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்பது சரியா?

பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. பெட்ரோல் பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலூர் வாசகர்: இரவில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் காலையில் கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோல் நனைந்திருக்கிறது. இப்போது இஞ்சின் ஆயில் அளவும் கூடியிருப்பது போலத் தெரிகிறது. ஆயில் எப்படிக் கூடும்?

ஆயில் கூடவில்லை, ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. கோளாறைச் சரிசெய்யும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிண்ணம் நிறைந்ததும் வழியை அடைக்க வேண்டிய ஊசி வால்வு, தூசியாலோ தேய்மானத்தாலோ முழுவதும் அடைக்கவில்லை. இரவெல்லாம் இறங்கும் பெட்ரோலில் ஒரு பகுதி ஓவர்ஃப்ளோ குழாய் வழியே தரையில் விழுகிறது. மீதி இஞ்சினுக்குள் நுழைந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல் வாடையோடு தண்ணீராக வழுக்கினால் அந்த ஆயிலால் இஞ்சினைக் காக்க முடியாது. ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றி, ஊசி வால்வையும் அது அமரும் இடத்தையும் சுத்தம் செய்து, முனையில் வளையமாகத் தேய்ந்த கோடு தெரிந்தால் வால்வை மாற்றுங்கள். மிதவையை ஆட்டிப் பார்த்து உள்ளே பெட்ரோல் சளசளக்கிறதா என்றும் கேளுங்கள்; ஓட்டை விழுந்த மிதவை மேலே எழாது.

அதுவரைக்கும், அதற்குப் பிறகும், இரவில் பெட்ரோல் டேப்பை 'ஆஃப்' செய்யுங்கள். நம் அப்பாக்கள் தவறாமல் செய்த காரியம் இது. எப்போது விட்டோம் என்றே தெரியவில்லை.

தோஹாவிலிருந்து ஒரு வாசகர்: ஆண்டுக்கு ஒரு மாதம்தான் ராமநாதபுரத்துக்கு வருகிறேன். மீதி நாட்களில் என் கார்புரேட்டர் வண்டி கொட்டகையில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வந்த முதல் வாரம் மெக்கானிக் கடையிலேயே போகிறது. அப்பா வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். ஆனாலும் இந்த நிலை.

உங்கள் அப்பாவின் அக்கறைதான் பாதிக் காரணம். இரண்டு நிமிடத்தில் இஞ்சின் சூடேறாது. எரிந்ததில் உண்டான நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும், கிண்ணத்தில் புதிதாக நிரம்பிய பெட்ரோல் அடுத்த வாரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் பிசினை விட்டுவைக்கும்.

பதினோரு மாதம் என்பது பெட்ரோலுக்கு மிக நீண்ட காலம். புறப்படும் முன் டேங்கையும் கிண்ணத்தையும் முழுவதும் வடித்து, அந்தப் பெட்ரோலை வேறொரு வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். காலி டேங்கின் உட்சுவர் துருப்பிடிக்காமலிருக்க அரை டம்ளர் இஞ்சின் ஆயிலை ஊற்றி, டேங்கைக் கழற்றி எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்துவிடுங்கள். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, இக்னிஷனை ஆஃபில் வைத்து, கிக்கரை மெதுவாக நான்கைந்து முறை அழுத்திப் பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் மட்டும் நிறுத்துவதானால் வடிக்கத் தேவையில்லை. டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, டேப்பை மூடி, கிண்ணத்தை மட்டும் வடித்தால் போதும். டேங்கில் காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும்.

திரும்பி வந்ததும் புதிய பெட்ரோலை ஒரு லிட்டர் ஊற்றி, அதில் கொஞ்சத்தைக் கிண்ணத்தின் வழியே வடித்துவிட்ட பிறகு உதையுங்கள். டேங்கில் பூசிய ஆயிலால் முதல் சில நிமிடம் வெண்புகை வரும், பயப்பட வேண்டாம். வண்டியைச் சும்மா விட அப்பாவுக்கு மனம் வராது என்றால், இதில் எதையும் செய்யாமல் சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை கீழக்கரை வரை போய் வரச் சொல்லுங்கள்.